சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பதா பிரச்சினை, லிஃப்டுக்கு எத்தனை பேர் என்பதா?

பதினாறாம்மாடி எழுதியது:

எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை, பொதுவில் போடுகிறேன், நிர்வாகிகள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும்.

பெருநகரத்துக்குக் குடிவந்து ஒன்பது மாதம் ஆகிறது. இருபத்திரண்டு மாடிக் கட்டடம், தளத்துக்குப் பன்னிரண்டு வீடு, நான் பதினாறில். லிஃப்ட் மூன்று, அதில் ஒன்று எந்நேரமும் ரிப்பேர். காலை எட்டேகாலுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு நிற்பேன். லிஃப்ட் வரும், கதவு திறக்கும், உள்ளே நெருக்கியடித்து நிற்கும் ஒன்பது பேர் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன், கதவு மூடிக்கொள்ளும். இப்படி இரண்டு முறை, சில நாள் மூன்று முறை. யாரையும் குறை சொல்ல முடியாது, அதனாலேயே எரிச்சல் கூடுகிறது.

அப்புறம் ரயில். அதைப் பற்றி எழுதவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் மேல்வீட்டில் நாற்காலி இழுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் அலாரம் காலை ஐந்து பத்துக்கு அடிக்கும், அவர் எழுந்திருக்க மாட்டார், நான் எழுந்துவிடுவேன். அந்த அலாரத்தின் மெட்டு எனக்கு மனப்பாடம், ஆனால் அந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

கேட்க நினைத்தது இதுதான். இத்தனை பேர் இவ்வளவு இடத்தில் என்பதே மனிதருக்கு ஒத்துவராத விஷயமா, இல்லை எனக்குத்தான் பழகவில்லையா? புறநகர்ப் பக்கம் போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

—

ஓரத்துவாசி எழுதியது:

போகாதீர்கள். நான் போனவன், சொல்கிறேன்.

வீடு பெரிது, சத்தம் இல்லை, காற்று வருகிறது, எல்லாம் சரிதான். ஆனால் ஒரு தலைவலி மாத்திரை வாங்க வேண்டும் என்றாலும் வண்டியை எடுக்க வேண்டும். அலுவலகம் போக ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்ப இரண்டு. உங்கள் லிஃப்டுக்கு ஆறு நிமிடம் போகிறது என்றால் எனக்கு ஒரே ஒரு சிக்னலில் அவ்வளவு போகும். பிள்ளை தூங்கும்போது கிளம்புகிறேன், தூங்கிய பிறகு வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு நான் முழு ஆளாகத் தெரிகிறேன்.

சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதியது ஒன்று உண்டு. எந்தக் காலத்திலும் மனிதர்கள் பயணத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், வேகமான வண்டி வந்தால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் தள்ளிப்போய்க் குடியிருக்கிறார்கள் என்பார். நான் அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்ட ஆள். நெரிசலுக்குப் பயந்து ஓடி, அதே நெரிசலில் நான்கு சக்கரத்தோடு தினம் நிற்கிறேன்.

—

எலிப்பொறி எழுதியது:

ஆளாளுக்கு ஆறுதல் சொல்வதற்கு முன்னால் ஜான் கால்ஹூன் என்ற ஆய்வாளர் செய்த சோதனையைப் படித்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவில் 1968-ல் ஒரு பெரிய பெட்டிக்குள் எட்டு சுண்டெலிகளை விட்டார். தீனி, தண்ணீர் வேண்டிய மட்டும், பூனை கிடையாது, நோய் வராமலும் பார்த்துக்கொண்டார். 2,200 வரை பெருகின. அப்புறம்? தாய் எலிகள் குட்டிகளைக் கைவிட்டன, ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறின, ஒரு கூட்டம் எதிலும் சேராமல் நாள் முழுக்கத் தன் ரோமத்தையே நக்கிக்கொண்டு கிடந்தது. கடைசியில் இனமே அற்றுப்போனது. அந்தக் கடைசி ரகத்தைத்தான் நான் தினமும் ரயிலில் பார்க்கிறேன், ரோமத்துக்குப் பதில் செல்பேசி, அவ்வளவுதான்.

பதினாறாம்மாடி, உங்களுக்கு ஒன்றும் கோளாறு இல்லை. அந்தக் கட்டடத்துக்குத்தான்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த எலிக்கதை வராத விவாதமே இல்லை போலிருக்கிறது. முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. அந்தப் பெட்டி 3,840 எலிகள் தங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது, 2,200-லேயே ஆட்டம் முடிந்தது. அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிரம்பியிருந்தது. அப்புறம் முக்கியமானது, அந்தப் பெட்டிக்குக் கதவு கிடையாது. பிடிக்காத எலி வெளியே போக வழியில்லை. 1970-களில் ஜோனதன் ஃபிரீட்மன் என்ற உளவியலாளர் மனிதர்களைச் சின்ன அறைகளிலும் பெரிய அறைகளிலும் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார். நெருக்கி உட்காரவைத்த ஒரே காரணத்துக்காக யாரும் எலி ஆகிவிடவில்லை.

இன்னொன்று. அடர்த்தி என்ற எண்ணையே நம்பாதீர்கள். மொத்த ஆட்களை மொத்த நிலத்தால் வகுப்பதுதானே அது, எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் நியூயார்க்கையும் அதைச் சுற்றிக் கட்டடம் பரவிய பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,050 பேர், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் அதே மாதிரி பார்த்தால் 2,700. எது நெரிசலான நகரம் என்று தெருவில் போகிறவரைக் கேட்டால் லாஸ் ஏஞ்சலிஸ் என்றா சொல்வார்? ஹாங்காங்கும் இப்படித்தான். மொத்தப் பரப்பில் கட்டடம் உள்ள நிலம் கால்வாசிதான், மீதி மலையும் காடும். சராசரியைப் பார்த்தால் ஏழாயிரத்துக்குக் கீழே, சாதுவாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

உயரத்துக்கும் இதற்கும்கூடப் பெரிய சம்பந்தம் இல்லை. பாரிஸ் நகர எல்லைக்குள் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆறு ஏழு மாடிக் கட்டடங்கள்தான். ஒட்டி ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் முற்றம் விட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு மாடி எழுப்பி அதைச் சுற்றி வண்டி நிறுத்த நிலத்தைக் காலியாக விட்டால் அதைவிடக் குறைவான ஆட்களைத்தான் வைக்க முடியும், லிஃப்ட் வரிசை மட்டும் மிச்சம்.

—

ஒற்றையறை எழுதியது:

எண்களை விடுங்கள். நான் வளர்ந்தது ஒரே அறையில், ஆறு பேர். தம்பி படிக்கும்போது விளக்கை அணைக்க முடியாது, அப்பா தூங்கும்போது எரியவிட முடியாது. பரீட்சைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன், நாலாவது படி, அங்கேதான் வெளிச்சம் விழும், யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் முழங்காலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அழ வேண்டும் என்றால் பொதுக் குளியலறைதான், அதற்கும் வெளியே வரிசை நிற்கும், சீக்கிரம் அழுது முடிக்க வேண்டும்.

அந்தத் தெரு ஒன்றும் பெரிய அடர்த்தியான தெரு இல்லை. இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது. இப்போது இருபதாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், கணக்குப்பிள்ளையின் எண்ணில் பார்த்தால் இந்த இடம்தான் பயங்கரம், எனக்கு இது சொர்க்கம். ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது போதுமான வசிப்பிடம் இல்லை என்று ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பே வரையறை வைத்திருக்கிறது. அளக்க வேண்டியது அறையை. தெருவை இல்லை.

ஹாங்காங் என்றதும் எல்லோரும் வானளாவிய கட்டடங்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து நாலு குடும்பத்துக்கு விடும் உட்பிரிவு வீடுகளில் அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், அதை வெளியிலிருந்து படம் எடுக்க முடியாது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை, இரண்டு தகவல் மட்டும் சேர்க்கிறேன். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1910-ல் 23 லட்சம் பேர் இருந்தார்கள், 2020-ல் 17 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை கோபுரம் எழும்பிய பிறகு ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். அன்று இருட்டறைகளில் அடைந்து கிடந்தார்கள், 1901-ல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கம் ஜன்னல், ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை என்று கட்டாயமாக்கியது.

2020-ல் கொரோனா முதல் அலை வந்தபோது நியூயார்க்கின் ஐந்து பகுதிகளில் மிகவும் அடர்த்தியானது மன்ஹாட்டன்தான், ஆனால் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் தொற்று அங்கேதான் குறைவு. அடர்த்தி மிகக் குறைந்த ஸ்டேட்டன் ஐலண்டில் அதைவிட அதிகம். வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் யார், ஒரே அறையில் எத்தனை பேர், தள்ளியிருக்க இன்னொரு அறை உண்டா என்பதையெல்லாம் விட்டுவிட்டுத் தெருக் கூட்டத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது.

—

மேலும்கீழும் எழுதியது:

லிஃப்ட் வேலையில் பதினெட்டு வருடம். இழையைப் படித்ததும் கை அரித்தது.

பதினாறாம்மாடி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 22 தளம், தளத்துக்கு 12, ஆக 264 வீடு. வீட்டுக்கு மூன்று நாலு பேர் என்றால் 900 ஆள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் லிஃப்டை அளப்பது ஐந்து நிமிடக் கணக்கில். கூட்ட நேரத்தில் ஐந்து நிமிடத்துக்குள் கட்டடத்து ஆட்களில் நூற்றுக்கு எத்தனை பேரை நகர்த்த முடியும் என்று பார்ப்போம். அலுவலகம் என்றால் 12, 15 வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். குடியிருப்புக்கு அதில் பாதி போதும். உங்களுக்கு ஆறு என்று வைத்தால் 54 பேர். ஒரு லிஃப்ட் மேலே போய் நின்று நின்று கீழே வந்து திரும்ப இரண்டரை நிமிடம், தடவைக்கு ஒன்பது பேர், ஐந்து நிமிடத்தில் 18. மூன்று லிஃப்ட் ஓடினால் 54. சரியாக இருக்கிறதா? ஒன்று படுத்தால் 36. மீதி 18 பேர் அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கடன், அடுத்ததில் இன்னும் 18 சேரும். எட்டே காலுக்கு நீங்கள் பார்ப்பது எட்டு மணியிலிருந்து சேர்ந்த கடன்.

உங்களுக்கு இருப்பது ஆள் கூடிப்போன பிரச்சினை இல்லை, ஒரு லிஃப்ட் படுத்த பிரச்சினை. இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் காலிசெய்துகொண்டு போக வேண்டியதில்லை, ரிப்பேர் பார்த்தால் போதும்.

இன்னொன்று கவனித்தேன். ஆள் நிரம்பிய லிஃப்ட் உங்கள் மாடியில் நின்று கதவு திறக்கிறது என்கிறீர்கள். திறக்கவே கூடாது. எடை பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கும், முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிவிட்டால் வெளியே யார் அழுத்தினாலும் நிற்காமல் போகும்படி அமைக்கலாம், லோடு பைபாஸ் என்போம். உங்கள் கட்டடத்தில் அது அணைத்துக் கிடக்கிறது, அல்லது சென்சார் போய்விட்டது. வீணாக நிற்கும் ஒவ்வொரு தடவையும் பத்து நொடி. பராமரிப்பு ஆட்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், சொல் தெரிந்தால் மரியாதை தனி.

—

ஓரத்துவாசி எழுதியது:

ஒன்பது மாதப் புலம்பலை ஒரு சென்சாரில் முடித்துவிட்டீர்களே அண்ணே.

—

பகல்தூக்கம் எழுதியது:

லிஃப்ட் சரியாகிவிடும். அலாரம் சரியாகுமா?

நான் இரவுப் பணி, மருத்துவமனையில். காலையில் வந்து படுப்பேன், அப்போதுதான் மொத்தக் கட்டடமும் விழிக்கும். தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய், யார் வீட்டில் குளித்தாலும் எனக்குத் தெரியும். சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பரிந்துரை. பகலில் தூங்குகிறவளுக்கு அந்த 45 எல்லாம் கனவிலும் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, வண்டிச் சத்தம் ஒரே சீராக ஓடும், கொஞ்ச நாளில் காது விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ஆளைக் கொல்கிறது. மேலே டிரில்லிங் மெஷின் ஓடும், நிற்கும், நின்றுவிட்டதா என்று கண்ணை மூடுவதற்குள் மறுபடி.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் இதை வைத்தே சோதனை செய்திருக்கிறார்கள். ஒரே அளவு சத்தம், இரண்டு குழு. ஒரு குழுவிடம் பொத்தானைக் கொடுத்து, தாங்கவில்லை என்றால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் பாருங்கள் என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கொடுத்த வேலையை அவர்கள்தான் பொறுமையாகச் செய்தார்கள், பொத்தான் இல்லாத குழு சீக்கிரமே கைவிட்டுவிட்டது. சத்தம் ஒன்றுதான், நிறுத்த முடியும் என்ற நினைப்பு மட்டும்தான் வித்தியாசம்.

இதைப் படித்த பிறகு மேல்வீட்டுக்குப் போய் அந்த அம்மாவின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் இரண்டே முறைதான் கூப்பிட்டிருக்கிறேன், ஆனால் தூக்கம் முன்னைவிடத் தேவலை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

—

எலிப்பொறி எழுதியது:

எல்லோரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள், சரி. ஆனால் ஒன்றை மறைக்கிறீர்கள். நகரம் இரண்டு மடங்கானால் சாலை, கம்பி, குழாய் எல்லாம் இரண்டு மடங்கு வேண்டியதில்லை, கிட்டத்தட்ட 80 விழுக்காடு கூடுதலாக இருந்தால் போதும் என்று 2007-ல் பெட்டன்கூர், ஜெஃப்ரி வெஸ்ட் என்ற ஆய்வாளர்களின் குழு சொன்னதைத்தான் நகரப் பிரியர்கள் எப்போதும் எடுத்து நீட்டுவார்கள். அதே ஆய்வில் கண்டுபிடிப்பும் ஊதியமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிற மாதிரியே குற்றமும் நோயும் ஏறுகின்றன. கைகுலுக்கும் கை கூடினால் பாக்கெட்டில் விடும் கையும் கூடும்.

—

நடையன் எழுதியது:

எலிப்பொறி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் மனசு, நினைப்பு என்று சொல்லிவிட முடியாது, ஒரு எல்லைக்கு மேல் அது வெறும் உடல் சம்பந்தப்பட்ட விஷயம்.

சதுர மீட்டருக்கு ஒருவர் இருவர் இருக்கும்வரை மனிதர்கள் அற்புதமாக நடக்கிறார்கள், யாரும் சொல்லாமலே போகிறவர் ஒரு வரிசை, வருகிறவர் ஒரு வரிசை என்று தானாகப் பிரிந்துகொள்கிறார்கள். நாலைந்து ஆனால் நடை நின்றே போகும். ஆறு ஏழைத் தாண்டினால் அப்புறம் நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், அது தள்ளும் பக்கம் போவீர்கள். அங்கே சாகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். சியோலின் இடேவான் பகுதியில் 2022 அக்டோபர் 29 இரவு மூன்று மீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு சரிவான சந்தில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான். சியோலின் சதுர கிலோமீட்டர் கணக்கில் அந்தச் சந்து தெரியவே தெரியாது. அன்று மாலையிலிருந்தே ஆட்கள் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன விஷயத்துக்கும் இதே கதைதான். லண்டனில் ஹோல்பர்ன் ரயில் நிலையத்து எஸ்கலேட்டரில் 2015 கடைசியில் நடந்து ஏறுவதற்கென்று ஒரு பக்கத்தைக் காலியாக விடாமல் இரு பக்கமும் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு மேலே போகும் ஆட்கள் சுமார் 30 விழுக்காடு கூடினார்கள். அவ்வளவு உயரத்துக்கு நடந்து ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்காகப் பாதி எஸ்கலேட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் பயணிகள் கடுப்பாகிவிட்டார்கள். பெரும்பாலோருக்குச் சீக்கிரம் ஆனது, ஆனால் "நான் நினைத்தால் ஓடி ஏறலாம்" என்பது போய்விட்டதே. பகல்தூக்கம் சொன்ன பொத்தான்தான்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

பொத்தான் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது, பதினாறாம்மாடிக்கு நேரடியாகப் பொருந்தும். பாம், வேலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-களில் கல்லூரி விடுதிகளை ஆராய்ந்தார்கள். ஒரு வகை விடுதியில் நீள நடைக்கூடம், முப்பத்துச் சொச்சம் பேருக்குக் குளியலறையும் கூடமும் பொது. இன்னொன்றில் நாலு முதல் ஆறு பேர் கொண்ட தொகுப்புகள். ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. நீள நடைக்கூடத்துப் பிள்ளைகள்தான் நெரிசல் நெரிசல் என்றார்கள், மற்றவர்களைத் தவிர்த்தார்கள், விடுதிக்கு வெளியேகூட அந்நியர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். பிறகு பாமும் டேவிஸ் என்பவரும் இன்னொரு விடுதியில் நடைக்கூடத்தின் நடுவில் சில அறைகளை எடுத்துப் பொதுக்கூடமாக்கி, கதவு வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். புகார் குறைந்தது.

தமிழில் இதற்கு இரண்டு சொல் ஏற்கெனவே இருக்கிறது, அடர்த்தி வேறு, நெரிசல் வேறு. உங்கள் தளத்தில் பன்னிரண்டு வீடு, ஒரே நடைக்கூடம், எத்தனை பேர் முகம் தெரியும்?

—

பதினாறாம்மாடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முகம் தெரிந்தது இரண்டு பேர்தான், இப்போது ஐந்து. அலாரக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன், என்ன சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான். அறுபது வயது இருக்கும். காது சரியாகக் கேட்காதாம், அதனால்தான் உச்ச சத்தத்தில் வைத்துச் சுவரோரம் அலமாரியில் வைப்பாராம், அதிர்வாவது தெரியட்டும் என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். சில நாள் இன்னும் கேட்கிறது, எழுந்துவிடுகிறேன், ஆனால் பல்லைக் கடிப்பதில்லை, பெரியவர் எழுந்துவிட்டாரா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறேன். மேல்வீட்டு நாற்காலிக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

புறநகர்ப் பேச்சு வீட்டில் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஓரத்துவாசி எழுதியதை மனைவியிடம் காட்டினேன், பிள்ளை பற்றிய அந்த வரியில் பேச்சு நின்றுபோனது.

மேலும்கீழும் அண்ணே, லோடு பைபாஸ் என்று நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். பராமரிப்புக்கு வந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டான். சென்சார் கம்பி கழன்று கிடந்ததாம். மாட்டிவிட்டான். மூன்றாவது லிஃப்டுக்கு ஏதோ சர்க்யூட் பலகை வர வேண்டுமாம், வரும் வரும் என்கிறார்கள்.

இப்போது காலையில் என்ன நடக்கிறது தெரியுமா? லிஃப்ட் என் மாடியில் நிற்பதே இல்லை. 18, 17, 16, 15 என்று எண் மட்டும் கண்ணெதிரே ஓடுகிறது.

—

மேலும்கீழும் எழுதியது:

அதுதான் சரி, அப்படித்தான் ஓட வேண்டும், திரும்பி வர நேரம் குறைந்திருக்கும், கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள். மேலே ஆறு தளத்தில் எழுபத்திரண்டு வீடு இருக்கிறது, அவர்கள் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்குக் கீழே ஐந்தாம் மாடியில் இருப்பவருக்கு இன்னும் மோசம்.

பலகை எந்த மாடலுக்கு என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை எட்டு ஐந்துக்குக் கிளம்புங்கள்.